550 சதுர அடி வீட்டுக்கு உள் அலங்காரம்: சூடு, உப்பு, கறையான், புழுதி எல்லாம் சேர்ந்தால் எதிலிருந்து தொடங்குவது?

இரணைமடுக்காரி
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம், கிரவல் வீதியோரத்து வீடு. இந்திய வீட்டுத்திட்ட அளவு, 550 சதுர அடி. ஹோல் 14க்கு 10, அறை இரண்டும் 10க்கு 10, குசினி 10க்கு 8, முன்னால் சின்ன விறாந்தை. வாசல் மேற்குப் பார்த்தது. கூரை அஸ்பெஸ்ரஸ் சீற், சீலிங் இல்லை. சுவர் பூசியாச்சு, பெயின்ற் அடிக்கவில்லை. நிலம் வெறும் சீமெந்து, மயிர்வெடிப்பு இருக்கு. ஹோலின் ஒரு சுவரில் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து உதிருது.

இணையத்தில் காட்டுகிற வீடெல்லாம் ஏசி பூட்டிய கண்ணாடி வீடு. இங்கே நிற்கக்கூடிய அலங்காரம் எது, எந்த ஒழுங்கில் செய்யவேணும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கோ. ஒரேயடியாகச் செய்ய வசதியில்லை, பகுதி பகுதியாகத்தான்.

மேசன்கரண்டி
தங்கச்சி, நிறத்தைப் பிறகு பாப்பம். அந்த வெள்ளைப் பூப்பை முதல் பாருங்கோ. அது சுண்ணாம்பு இல்லை, உப்பு. ஈரம் சுவருக்குள்ளால வந்து, காயேக்க உப்பை வெளியில விட்டிட்டுப் போகுது. அதுக்கு மேல என்ன விலை பெயின்ற் அடிச்சாலும் ஒரு மாரி தாங்காது.

ஈரம் எங்கயிருந்து வருது எண்டு கண்டுபிடிக்கவேணும். ஒரு அடிக்கு ஒரு அடி பொலித்தீனைச் சுவரில வைச்சு நாலு பக்கமும் நல்லா ரேப் ஒட்டி ரண்டு நாள் விடுங்கோ. சுவரை ஒட்டின பக்கம் துளி பிடிச்சால் ஈரம் சுவருக்குள்ளயிருந்து வருது. வெளிப்பக்கம் பிடிச்சால் அறையின்ர புழுக்கம், சுவரில பிழையில்லை.

பிறகு வெளியில போய் அதே சுவரின்ர அடியைப் பாருங்கோ. எங்கட பக்கத்தில முக்கால்வாசி மூண்டு காரணம்தான். ஒண்டு, முற்றத்து மண் வீட்டு நிலமட்டத்துக்கு ஏறிக் கிடக்கும். ரண்டு, பீலி இல்லாத கூரைத் தண்ணி நேர கீழ விழுந்து சுவரில தெறிக்கும், ஒன்றரை அடி எண்டது தெறிக்கிற உயரம்தான். மூண்டு, சுவரோட ஒட்டிப் பூக்கண்டு வைச்சு ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்துறது.

மண்ணை வெட்டி நிலமட்டத்திலயிருந்து 6 அங்குலம் கீழ இறக்குங்கோ. சுவரைச் சுத்தி 2 அடி அகலத்துக்கு வெளிச்சரிவாச் சீமெந்து போடுங்கோ. காசில்லாட்டி சல்லி பரவினாலும் தெறிப்புக் குறையும்.

உள்ளுக்கு: உப்புத் தெரியுற இடத்துக்கு மேல இன்னும் ஒரு அடி கூட்டிப் பூச்சைக் கொத்தி எடுங்கோ. கல்லு வெறுமையா, கோடை வெயில் காலத்தில கிழமைக் கணக்காக் காயட்டும். உலர்ந்த தும்பு பிரஷால தட்டி உப்பைக் கூட்டி அள்ளுங்கோ. தண்ணியால கழுவக்கூடாது, கழுவினால் உப்புக் கரைஞ்சு திரும்ப உள்ள போகும். பிறகு கழுவின ஆத்து மணல், 1க்கு 5 கலவை (சீமெந்து ஒண்டு, மணல் அஞ்சு), கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துப் பூசுங்கோ. பூச்சு நிலத்தில முட்டக்கூடாது, அரை அங்குலம் விடுங்கோ. அந்த இடைவெளியை ஸ்கேர்ட்டிங் (சுவரடிப் பட்டி) மறைக்கும்.

புதுக்குடியிருப்பு_கச்சான்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஈரம் புகாத பெயின்ற் என்று வாளியில் விற்கிறார்களே, அதை உள்ளுக்கு இரண்டு கோட் அடித்தால் கொத்துகிற வேலை மிச்சமில்லையா? அல்லது 1க்கு 3 கலவையில் கெட்டியாகப் பூசினால்?

மேசன்கரண்டி
ரண்டும் ஒரே பிழை. தண்ணி கீழயிருந்து வருது, நீங்கள் வாசலை மட்டும் பூட்டுறியள். அது மேல ஏறிப் பெயின்ற் முடியுற இடத்தில பூக்கும். ஒன்றரை அடியில நிண்டது மூண்டடிக்குப் போகும். ரைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான். அந்தப் பெயின்ற் வெளிச்சுவருக்கு, மழை அடிக்கிற பக்கத்துக்கு நல்லது.

கடற்கரைப் பக்கம் எண்டால் மணலையும் பாருங்கோ. கழுவாத கடல் மணல் கலந்து பூசினால் ஈரம் கீழயிருந்து வராமலே சுவர் முழுக்க உப்புப் பூக்கும். அதுக்கு முழுப் பூச்சையும் எடுக்கிறதைத் தவிர வழியில்லை.

வர்ணவாளி
சுவர் காய்ந்தபின் நிறத்துக்கு வருவோம். புதுப் பூச்சுக்கு 28 நாள் விடவேணும். அதற்கு முன் அடித்தால் சீமெந்தின் காரம் நிறத்தைத் தின்னும். நீலமும் ஊதாவும் முதலில் வெளிறும்.

ஒழுங்கு இது: புட்டி இரண்டு மெல்லிய கோட், 120 சாண்ட்பேப்பர், பிறகு 220. தூசியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் வோல் பில்லர் (அடிக்கோட்) ஒரு கோட். அதன்மேல் இமல்சன் இரண்டு கோட், இடையில் குறைந்தது நாலு மணித்தியாலம். புட்டியைத் தடிப்பாக ஒரே கோட்டில் இழுப்பவர்களை வேலைக்கு வைக்காதீர்கள். மேல் தோல் காய்ந்து உள்ளே ஈரமாய் நிற்கும், மூன்று மாதத்தில் வரைபடம் போல வெடிக்கும்.

கணக்கு: 10க்கு 10 அறை, சுவர் உயரம் 9 அடி. 40 × 9 = 360 சதுர அடி. கதவுக்கு 21, 4க்கு 4 யன்னல் இரண்டுக்கு 32 கழித்தால் 307. இரண்டு கோட்டுக்கு 614. வாளியில் லீற்றருக்கு 120 சதுர அடி என்று போட்டிருந்தாலும் எங்கள் மேசன்மாரின் சுவருக்கு 100தான் வரும் (கரண்டி அண்ணை கோபிக்கக்கூடாது). ஆக ஓர் அறைக்கு 6 லீற்றர். ஒரே நிறத்து வாளிகள் எல்லாவற்றையும் முதலில் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். ஒரு வாளிக்கும் மற்றதுக்கும் மெல்லிய வித்தியாசம் இருக்கும், சுவர் நடுவில் அது கோடாகத் தெரியும். சவர்க் கிணற்றுத் தண்ணீரைப் பெயின்றில் கலக்க வேண்டாம். மழைத்தண்ணீரோ குடிக்கிற தண்ணீரோ போதும்.

எந்த நிறம்? கிரவல் வீதியோரம் தூய வெள்ளை அடித்தால் ஆறு மாதத்தில் செம்மண் நிறம்தான். கடை அட்டையைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். உங்கள் யன்னல் குந்தில் படிந்திருக்கிற புழுதியை விரலில் எடுத்து அட்டையின்மேல் தேயுங்கள். எந்த நிறத்தில் தேய்த்தது தெரியவில்லையோ அதுதான் கீழ்ப்பாதிச் சுவருக்கு. பெரும்பாலும் மணல் நிறம், வெளிறிய காவி, ஓட்டுச் சாம்பல் என்று வந்து நிற்கும். மேற்கு வெயில் விழும் ஹோலுக்கு மேற்பகுதியில் சாம்பல் கலந்த இளம் பச்சை பொருந்தும். மஞ்சள், பீச் வேண்டாம். மாலை வெயிலில் அவை செம்மஞ்சளாய்க் கொதிக்கும்.

ஒரு லீற்றர் வாங்கி இரண்டு எதிர்ச்சுவரில் 2க்கு 2 அடி அடித்து, காலை, மதியம், இரவு மின்குமிழ் வெளிச்சம் மூன்றிலும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாங்குளம்சந்தி
கீழே நாலடிக்கு இனாமல் அடித்தால் என்ன? பள்ளிக்கூடங்களில் அப்படித்தானே, துடைக்கலாம், பிள்ளைகளின் கைபட்டாலும் பிரச்சினை இல்லை.

வர்ணவாளி
ஈரமில்லாத சுவருக்குச் சரி. உப்புப் பூத்த சுவருக்கு அடித்தால் மேலே கரண்டி அண்ணை சொன்ன அதே பூட்டுத்தான், குமிழ் குமிழாய்க் கிளம்பும். அந்தச் சுவருக்கு மட்டும் மினுக்கமில்லாத சாதாரண மற் இமல்சன், மற்றச் சுவர்களில் துடைக்கக்கூடிய சற்றின் இமல்சன் அடிக்கலாம். இனாமலின் பளபளப்பு வளைந்து நெளிந்த பூச்சை எல்லாம் காட்டிக்கொடுக்கும் என்பதையும் யோசியுங்கள்.

நாலடி என்பதும் அதிகம். 9 அடிச் சுவரை நாலில் வெட்டினால் அறை குட்டையாகத் தெரியும். மூன்றடியில், யன்னல் குந்தின் மட்டத்தோடு சேர்த்து முடித்தால் கோடு ஒழுங்காய் ஓடும்.

இரணைமடுக்காரி
நன்றி, பொலித்தீன் ஒட்டியாச்சு. சீலிங் பற்றி? பகல் ஒரு மணிக்கு ஹோலில் இருக்க ஏலாது. பிவிசி சீலிங் போட்டால் சூடு குறையுமா?

மின்கம்பி
பிவிசி மட்டும் போட்டால் கொஞ்சம் குறையும், நினைக்கிற அளவு குறையாது. சீற்றுச் சூடாகி அந்தச் சூட்டைக் கீழ்நோக்கி வீசுகிறது. அதைத் தடுக்கிறது சில்வர் ஃபோயில். கைமரத்தின் கீழ்ப்பக்கத்தில் இழுத்துப் பிடித்து ஸ்ரேப்ளர் அடித்துவிடலாம். சீற்றோடு ஒட்டக்கூடாது, இடையில் ஒரு அங்குலமாவது காற்றுவெளி வேணும். ஒட்டினால் ஃபோயில் வெறும் தகடு, சூட்டைக் கடத்தும். ஒரு பக்கம் மட்டும் மினுங்குகிற ஃபோயில் என்றால் மினுக்கம் கீழ்ப்பார்க்கட்டும், மேல்பக்கம் புழுதி படிந்து ஒரு வருடத்தில் மினுக்கம் செத்துவிடும். துண்டுக்குத் துண்டு 6 அங்குலம் மேலேறவேணும். மின் வயர் அதில் முட்டக்கூடாது, ஃபோயில் மின் கடத்தும். வயரைக் குழாய்க்குள் விட்டபிறகுதான் ஃபோயில்.

அதற்குக் கீழே பிவிசி சீலிங் போடுவது அழகுக்கு. சட்டம் 2 அடி இடைவெளி என்று போடுவார்கள், சீற்றுக் கூரைக்குக் கீழே ஒன்றரை அடியாக்குங்கோ. சூட்டில் பலகை இளகித் தொய்யும். சீலிங்குக்கு மேல் உள்ள காற்று வெளியேற இரண்டு முகட்டுச் சுவரிலும் ஒரு அடிச் சதுரத் துளை, அதில் அரை அங்குல வலை. வலை இல்லாவிட்டால் வௌவால், எலி, எலியைத் தேடிப் பாம்பு.

அஸ்பெஸ்ரஸைத் துளைக்கிறது, உரஞ்சுறது, கம்பிப் பிரஷ் போடுறது எதுவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. சட்டத்தைச் சுவரிலும் மரத்திலும் பிடியுங்கோ, சீற்றில் பிடிக்கவேண்டாம்.

மாங்குளம்சந்தி
காசு இல்லாதவர்களுக்கு?

மின்கம்பி
மேற்கு வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கோ. யன்னலுக்கு வெளியே அரை அடி தள்ளிப் பனையோலைத் தட்டி கட்டித் தொங்கவிட்டால், உள்ளே மூன்று தடித்த திரைச்சீலை செய்யாத வேலையை அது செய்யும். கண்ணாடி தாண்டி வந்த சூடு வந்ததுதான்.

தென்பக்கம் சோளகம் வருகிற வழியில் கீழே யன்னல் திறந்து, எதிர்ச்சுவரில் மேலே காற்றுத்துளைக் கல் நாலு வைத்தால் காற்று ஓடும். ஒரு பக்கம் மட்டும் எத்தனை யன்னல் வைத்தாலும் காற்று உள்ளே வராது, போக வழி வேணுமே. வடக்கு யன்னலுக்கு மறைப்பு வேண்டாம் என்று சொல்லுறவை இருக்கினம். எங்கள் அகலாங்கில் ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், அதனால் அங்கேயும் ஒரு சின்னத் தாழ்வாரம் வேணும்.

இரணைமடுக்காரி
லைட், ஃபான் இரண்டையும் எங்கே வைப்பது என்று சீலிங்குக்கு முதல் தீர்மானிக்கவேணும் அல்லவா?

மின்கம்பி
கட்டாயம். ஃபான் இதழ் நிலத்திலிருந்து 7 அடிக்குக் கீழே வரக்கூடாது, சீலிங்கிலிருந்து 8 முதல் 12 அங்குலம் இறங்கி நிற்கவேணும். சீலிங்கோடு ஒட்டிப் பூட்டினால் சுற்றும், காற்று வராது. கொளுக்கியை மரத்தில் அல்லது இரும்புச் சட்டத்தில் போடுங்கோ, பிவிசி பாரம் தாங்காது. 10க்கு 10 அறைக்கு 48 அங்குலம், ஹோலுக்கு 56.

மின்குமிழை ஃபானுக்கு நேர் மேலே வைத்துவிட்டுப் பிறகு கண் வலிக்குது என்று ஃபானை மாற்றுவார்கள். இதழ் வெளிச்சத்தை வெட்டி வெட்டிச் சுவரில் நிழல் ஆடும். ஃபான் வட்டத்துக்கு வெளியே, சுவர்ப்பக்கம் 7 அடி உயரத்தில் வையுங்கோ. உங்கள் ஹோல் 140 சதுர அடி, 9 வாட் எல்இடி மூன்றை மூலைக்கு ஒன்றாய் மூன்று மூலையில் வைத்தால் போதும். ஒன்றை மட்டும் நடுவில் 20 வாட்டில் போட்டால் மூலை இருட்டாகி அறை சுருங்கித் தெரியும்.

வெளிச்சத்தின் நிறம்: ஹோல், அறைக்கு 3000 கெல்வின் மஞ்சள், குசினி மேடை, படிப்பு மேசைக்கு 4000. 6500 வெள்ளை பொதுவாகக் கிடைக்கிறது என்று அதையே எல்லா இடமும் போடாதீர்கள். குளமும் வயலும் பக்கத்தில் என்றால் மாரியில் பூச்சி வெள்ளை வெளிச்சத்துக்குத்தான் கூடுதலாய் வரும். விறாந்தைக்குக் கட்டாயம் மஞ்சள்.

படிப்பு மேசைக்கு வலக்கைப் பிள்ளை என்றால் விளக்கு இடப்பக்கம். கை நிழல் கொப்பியில் விழாது.

ஓடாவி_பாலை
தளபாடம் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. அதுக்கு முதல் கறையான். சுவரோட அலுமாரியை ஒட்டி வைக்கிறதுதான் வன்னியில பொதுவான பிழை. கறையான் சுவர் வெடிப்பால ஏறி அலுமாரியின்ர பின்பலகையைத் தின்னும், கதவு திறக்கேக்கதான் தெரியும். பின்னால 2 அங்குலம், கீழ 4 அங்குலக் கால். கீழ குனிஞ்சு டோர்ச் அடிச்சால் மண்குழாய் தெரியவேணும். அலுமாரிக் காலின்ர அடியில ரப்பரோ பிளாஸ்ரிக்கோ குப்பி போடுங்கோ, நிலம் கழுவுற தண்ணி மரத்தில ஏறாது.

சுவரும் நிலமும் சந்திக்கிற மூலையில அடிக்கு ஒண்டு எண்ட கணக்கில 12 மில்லிமீற்றர் துளை போட்டு மருந்து ஏத்துறது நிரந்தர வழி. பயிற்சி எடுத்தவை செய்யவேணும், கிணறு பக்கத்தில இருந்தால் சொல்லிப்போட்டுச் செய்விக்கவேணும். பழைய எஞ்சின் ஒயில் பூசுறவை இருக்கினம். மணமும் கறையும் மிச்சம், மரத்துக்குள்ள அது இறங்காது.

மரம்: முதிரை கிடைச்சால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ, பெறுமதி அதிகம்தான். பாலை பாரம், காயாமல் அடிச்சால் வெடிக்கும், நிலைக்கும் கதவுச் சட்டத்துக்கும் சரி, அலுமாரிப் பலகைக்குச் சரிவராது. வேம்பைப் பூச்சி எளிதில அண்டாது, ஆனால் நல்லாக் காயவேணும், இல்லாட்டி முறுக்கும். பனை எண்டால் முதிர்ந்த மரத்தின்ர வெளி வைரம் மட்டும். கறுப்பு நார் தெரியுற அந்தப் பலகை றாக்கைக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் வார்னிஷ் மட்டும் பூசினாலே அழகு. முன்துளை போடாமல் ஆணி அடிச்சால் நார் வழிய பிளக்கும். பனை தறிக்க அனுமதி வேணும், முதிரை போன்ற மரம் ஏத்தி இறக்கப் பாஸ் வேணும். அந்த அனுமதித் துண்டு இல்லாமல் மலிவாத் தாறன் எண்டால் வாங்காதேங்கோ.

இன்னொண்டு, வெளியூர்க்காரர் யோசிக்கமாட்டினம். எங்கட காணிகளில நிண்ட பழைய மரத்துக்குள்ள சண்டைக்காலத்துச் செல் துண்டு, சன்னம் கிடக்கலாம். அரியமுதல் காந்தம் வைச்சுப் பாருங்கோ, மரத்தில நீலக் கறுப்புக் கறை ஓடுதோ எண்டும் பாருங்கோ, இரும்பு கிடந்தால் அப்பிடிக் கறை பிடிக்கும். ஆழத்தில கிடந்தால் காந்தம் காட்டாது, அதுக்கு உலோகம் தேடுற கருவி வைச்சிருக்கிற ஆலையில அரியக் குடுங்கோ. வாள் உடைஞ்சால் துண்டு ஆள்மேல பறக்கும்.

நெடுங்கேணி_07
மெலமைன் பலகை அலுமாரி கடையில் அழகாக இருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை?

ஓடாவி_பாலை
அறைக்கு எடுக்கலாம், குசினிக்கு வேண்டாம். விளிம்பில தண்ணி பட்டால் பிஸ்கற் மாதிரி ஊதும். எடுத்தால் நாலு விளிம்பும் பட்டி ஒட்டியிருக்கோ எண்டு கையால தடவிப் பாருங்கோ. முன்பக்கம் மட்டும் ஒட்டி, கீழ்விளிம்பை வெறுமையா விட்டு விப்பினம். பிணைச்சல் திருகாணி ஒருக்காக் கழண்டால் அதே துளையில திரும்பப் பிடிக்காது. வீடு மாத்துற குடும்பத்துக்கு மரமோ இரும்போதான் நல்லம்.

அளவும் சொல்லுறன். 10க்கு 10 அறையில 6க்கு 5 கட்டில் போட்டால் ஒரு பக்கத்தைச் சுவரோட விட்டு மற்றப் பக்கம் 2 அடி நடை வையுங்கோ. அலுமாரி ஆழம் 22 அங்குலம், கதவு திறக்க 2 அடி. அந்த 2 அடியும் கட்டில் நடையும் ஒண்டாயிருக்கிற மாதிரி வைச்சால் அறை மிஞ்சும். அலுமாரியை மேற்குச் சுவரில வையுங்கோ, சுவர்ச் சூட்டை அது மறிக்கும்.

ஹோலுக்குப் பெரிய சோபா செற் எடுத்துப் போட்டுப் பிறகு நடக்க இடமில்லை எண்டு அழவேண்டாம். சோபா ஆழம் 34 அங்குலம், ரண்டு பக்கமும் போட்டால் 10 அடியில அரைவாசிக்கு மேல போச்சு. சுவர் நீளத்துக்கு 16 அங்குல உயரம், 20 அங்குல ஆழத்தில மர வாங்கு, உள்ளுக்குப் பெட்டி, மேல பஞ்சு மெத்தை. ஆள் வந்தால் ஆறுபேர் இருக்கலாம், இரவில ஒரு ஆள் படுக்கலாம்.

இரணைமடுக்காரி
ஓடாவி அண்ணை, வாங்கு யோசனை நல்லாயிருக்கு, அதையே செய்வம். குசினிக்கு? விறகடுப்பும் காஸும் இரண்டும் பாவிப்பு.

மேசன்கரண்டி
ரண்டையும் ஒரே மேடையில வைக்கக்கூடாது. காஸ் சிலிண்டரும் ரியூப்பும் விறகுத் தணலுக்குக் கிட்ட நிக்கும். விறகடுப்பைப் புகைபோக்கியோட மூலையில, காத்துப் போற பக்கம் கட்டுங்கோ. சோளகத்தில புகை வீட்டுக்குள்ள திரும்பாத மூலை எண்டால் பெரும்பாலும் வடக்குச் சுவர்தான் வரும். காஸ் மேடை எதிர்ச்சுவரில, உயரம் 32 அங்குலம், ஆள் நெடுவல் எண்டால் 34, ஆழம் 24. புகைபோக்கி கூரையைத் தாண்டி ரண்டடி நிக்கவேணும். கீழ வெட்டினால் புகை திரும்பும்.

ரைல்ஸ் மேடையிலயிருந்து 2 அடி உயரத்துக்குப் போதும். விறகடுப்புப் பின்சுவருக்கு ரைல்ஸ் வேண்டாம், சூட்டில தெறிக்கும். அதுக்குச் சீமெந்து தேய்ச்சுவிட்டுக் கறுப்பு ஒக்சைட் (நிறத்தூள்) போடுங்கோ, கரி தெரியாது.

ஓலைப்பெட்டி
மேடை விளிம்பை முன்னால் 2 அங்குலம் வெளியே நீட்டிவிடச் சொல்லுங்கள், தடிப்பு ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மேசையில் பூட்டுகிற திருவலைக்கு அந்த விளிம்புதான் பிடி. வடிவான கிரனைற் மேடை போட்டுவிட்டுத் தேங்காய் துருவக் கதிரை தேடுகிற வீடுகள் நிறைய.

நெடுங்கேணி_07
நிலத்துக்கு ரைல்ஸா, சிவப்புச் சீமெந்தா?

மேசன்கரண்டி
இருக்கிற நிலம் வெறும் மயிர்வெடிப்பு எண்டால் உடைக்கத் தேவையில்லை. குச்சியால தட்டிப் பாருங்கோ. கோறைச் சத்தம் வாற இடத்தை மட்டும் வெட்டி எடுங்கோ.

சிவப்பு நிலம் குளிர்ச்சி, செலவு குறைவு, மேசன்ர கைதான் எல்லாம். பழைய நிலத்தைக் கொத்திக் கரடாக்கி, நனைச்சு, சீமெந்துப் பால் பூசி, 1க்கு 3 கலவை ஒரு அங்குலம். அது இறுக முதல் ஒக்சைட்டும் சீமெந்தும் கலந்து தேய்க்கவேணும். ஒக்சைட் சீமெந்து நிறையில பத்தில ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. கூடினால் பலம் குறைஞ்சு காலில சிவப்பு ஒட்டும். முழு ஹோலுக்குமான ஒக்சைட்டையும் சீமெந்தையும் உலர்வா ஒரே தரம் கலந்து அரிச்சு வைச்சிட்டுத் தொடங்குங்கோ. வாளி வாளியாக் கலந்தால் திட்டுத் திட்டா வரும். 4க்கு 4 அடிச் சதுரமா வெட்டு விடுங்கோ, வெடிச்சாலும் அந்தக் கோட்டில வெடிக்கும். ஏழு நாள் தண்ணி கட்டுங்கோ.

ரைல்ஸ் எண்டால் சுவரோரம் கால் அங்குலம் விடுங்கோ. விடாட்டி வெயில் சூட்டில விரிஞ்சு நடுவில கூடாரம் மாதிரிக் கிளம்பும். விறாந்தைக்கு மினுங்குற ரைல்ஸ் போடவே வேண்டாம். மழையில வழுக்கும். கரடு ரைல்ஸ், வெளிப்பக்கம் அடிக்கு கால் அங்குலம் சரிவு.

வர்ணவாளி
நிறத்துக்கு ஒரு சொல்: கடும் கபிலமும் கறுப்பும் அழுக்கை மறைக்கும் என்பது பொய். புழுதிக் காலடி அதில்தான் பளிச்சென்று தெரியும். புள்ளி போட்ட நடுத்தர நிறம் எடுங்கள்.

ஓலைப்பெட்டி
இனி என் பகுதி. திரைச்சீலைக்குக் கடைக்குப் போகமுதல் பெட்டியில் கிடக்கிற பருத்திச் சேலைகளை எடுங்கள். ஒரு சேலை 18 அடி நீளம், அகலம் 45 அங்குலம். 6 அடியாக மூன்று துண்டு. கம்பியை யன்னலுக்கு மேல் 6 அங்குலம் ஏற்றி, இரு பக்கமும் 8 அங்குலம் நீட்டிப் பூட்டுங்கள். 4 அடி யன்னலுக்கு இரண்டு துண்டு போட்டால் 90 அங்குலம், 64 அங்குலக் கம்பிக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, சுருக்கு விழும். மூன்றாவது துண்டில் வாங்கு மெத்தைக்குத் தலையணி உறை. கரை கீழ்நோக்கி வரவேணும் என்றால் இந்த வெட்டுச் சரிவராது, கரை பக்கவாட்டில்தான் நிற்கும். அதுவும் அழகுதான், நிமிர்கோடு விழுந்து சுவரை உயரமாய்க் காட்டும். பட்டும் பொலியஸ்ரரும் வேண்டாம். பட்டு வெயிலில் கிழியும், மற்றது காற்றை மறிக்கும்.

பனையோலைப் பொருள்கள் சுவருக்கு: சுளகு, தடுக்கு, மூடல்பெட்டி மூடி. ஐந்தாறு ஒரே சுவரில் நெருக்கமாய், மற்றச் சுவர்கள் வெறுமையாய் விடுங்கள். ஒவ்வொரு சுவரிலும் ஒன்று தொங்கவிட்டால் கண்காட்சிச் சாலைபோல் இருக்கும். சாயமிட்ட ஓலையை வெயில் படுகிற சுவரில் வைக்கவேண்டாம், ஊதாவும் பச்சையும் முதலில் போகும். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, நிழலில் காயவைத்து, பிறகு ஒரு மணித்தியாலம் வெயில். தெளிந்த வார்னிஷ் பூசுவதென்றால் முன்னும் பின்னும் பூசவேணும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் சுருளும்.

நிலத்துக்குப் பன்பாய். பிளாஸ்ரிக் பாய்க்கு அடியில் ஈரம் தங்கிச் சீமெந்து கறுக்கும். பன்பாய் மூச்சு விடும், ஆனால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு உடனே சுருட்டக்கூடாது.

மாங்குளம்சந்தி
சாமித்தட்டுச் சுவர் எண்ணெயும் கரியுமாய் ஆகிறதே?

ஓலைப்பெட்டி
விளக்குக்குப் பின்னால் ஒன்றரை அடிக்கு ஒரு அடியில் ஒற்றை ரைல்ஸ் அல்லது கண்ணாடித் துண்டு. விளக்குக்கு மேல் இரண்டடிக்குள் மரத்தட்டோ மாலையோ திரையோ வேண்டாம். பக்கத்தில் ஃபான் காற்று அடிக்காத மூலை தெரிவு செய்யுங்கள். கரி பரவுவது பெரும்பாலும் ஆடுகிற சுடரால்தான். எண்ணெய் ஊறிய சுவருக்கு இமல்சன் நேரே பிடிக்காது, சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவைத்துப் பில்லர் அடித்தபிறகு அடியுங்கள்.

இரணைமடுக்காரி
பொலித்தீன் பார்த்தாச்சு, சுவர்ப்பக்கம்தான் துளி. வெளியில் மண் நிலமட்டத்துக்கு மேல் நிற்குது, பீலியும் இல்லை. இனி ஒழுங்கைச் சொல்லுங்கோ.

மேசன்கரண்டி
பீலியும் மண் வெட்டும் இப்பவே. தை மாசம் மழை ஓய, பூச்சுக் கொத்து. சுவர் காயுற நேரத்தில மின்கம்பித் தம்பி வயர்க் குழாய் பதிக்கட்டும், பூசினபிறகு வந்து சுவரை வெட்டினால் நான் பொறுப்பில்லை. பிறகு பூச்சு. அது ஆறுற 28 நாளுக்குள்ள ஃபோயிலும் சீலிங்கும் முடியட்டும். பிறகு புட்டி, பில்லர், முதல் கோட். அதுக்குப் பிறகு நிலம். கடைசிக் கோட் நிலம் முடிஞ்சாப்போல. நிலத்துக்கு முதல் முழுக்க அடிச்சால் அடிச்சுவர் முழுக்கச் சீமெந்து தெறிக்கும். ஐப்பசிக்கு முதல் எல்லாம் முடியவேணும், வாடை மழையில பெயின்ற் காயாது.

காசு நடுவில முட்டினால் சீலிங்கை அடுத்த வருசத்துக்கு விடுங்கோ, ஃபோயிலை விடவேண்டாம்.

நெடுங்கேணி_07
ஹோலில் பெரிய கண்ணாடி மாட்ட நினைக்கிறேன், சுவர் துளைக் கல். போன தரம் பிளக் சுழன்று கழன்றது.

ஓடாவி_பாலை
தட்டிப் பாருங்கோ. கோறைச் சத்தம் வாற இடம் வெற்றிடம், அங்க சாதாரண பிளக் பிடிக்காது, உள்ள போய் விரியுற ஸ்பிரிங் போல்ட் வேணும். இறுகின சத்தம் வாற இடத்தில 6 மில்லிமீற்றர் துளை, 6 பிளக், 8ஆம் நம்பர் ரண்டங்குலத் திருகாணி. பூச்சே அரை அங்குலம் போகும், ஒரு அங்குல ஆணி கல்லைத் தொடவே தொடாது. டிறிலை அடிச்சுத் துளைக்கிற நிலையில வைக்காமல் சும்மா சுத்தவிட்டுத் துளையுங்கோ, அடிச்சால் மெல்லிய கல்லுச் சுவர் உள்ளுக்கு உடையும்.

பாரமான கண்ணாடி எண்டால் பனைச் சட்டத்தில செய்து கீழ ஒரு மரக் கட்டை பிடிச்சு அதில இருத்துங்கோ, மேல் ரண்டு ஆணியும் சாயாமல் பிடிக்க மட்டும். நடு உயரம் நிலத்திலயிருந்து 58 அங்குலம். வாங்குக்கு மேல மாட்டுறதெண்டால் இருக்கிற ஆளின்ர தலை இடிக்காமல் கீழ்விளிம்பு வாங்குப் பலகையிலயிருந்து 3 அடி. மேற்கு வாசலுக்கு நேர மாட்டவேண்டாம், மாலை வெயில் முழுக்க வீட்டுக்குள்ள திரும்பும்.